திரும்பி வந்த ஓவியர்: கிரினிட்சா நிகிஃபோர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1947 ஏப்ரல் 28 விடியற்காலையில் போலந்து ராணுவம் தன் நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஊர்களைக் காலி செய்யத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் விஸ்துலா நடவடிக்கை. அடுத்த சில மாதங்களில் உக்ரைனியர், கார்பாத்திய மலைகளின் சிறு இனங்களான பாய்கோ, லெம்கோ மக்கள் என்று ஏறக்குறைய 1,40,000 பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றி, நாட்டின் மறுகோடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் 52 வயதுக்காரர் ஒருவர் இருந்தார். வீடு இல்லை, நிலம் இல்லை, மனைவி மக்கள் இல்லை. பேச்சு யாருக்கும் புரியாது. எழுதப் படிக்கத் தெரியாது. கிரினிட்சா என்ற மலை ஊரில், தெருவோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்து படம் வரைந்து விற்றுப் பிழைத்தவர். ஊரார் அவரை நிகிஃபோர் என்றார்கள்.

அனுப்பப்பட்ட இடத்தில் அவர் இருக்கவில்லை. கிளம்பி ஊருக்கு வந்துவிட்டார். மறுபடி பிடித்து அனுப்பினார்கள். மறுபடியும் வந்தார். கடைசியில் அதிகாரிகளுக்கே அலுத்துப்போய், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முறையான பயிற்சி இல்லாத ஓவியர்களைப் பற்றிப் பேசும் உலகப் புத்தகங்களில் நிகிஃபோருக்கு நிரந்தர இடம் உண்டு. அங்கெல்லாம் அவர் ஒரு விநோதப் பிறவியாகவே வருகிறார்: வாய் பேசாத பிச்சைக்காரர், குழந்தை மனம், கடவுள் கொடுத்த கை. துரத்தப்பட்ட ஒரு சின்ன இனத்தைச் சேர்ந்தவர் அவர் என்பது பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்து போகும். அந்த வரியை நடுவில் வைத்துப் படித்தால் அவருடைய ஓவியங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. எனக்கு இடமே தராத ஊரில் என் இடம் இதுதான் என்று ஒருவர் நாற்பது ஐம்பது ஆண்டுகள் விடாமல் வரைந்து சொன்னார் என்றுதான் நான் அவற்றைப் பார்க்கிறேன். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

முதலில் ஒரு சட்ட விஷயம். 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கைப்படி நாட்டின் எல்லையைக் கடந்தவர்தான் அகதி. நிகிஃபோர் போலந்துக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளப்பட்டவர். இன்றைய கணக்கில் ‘உள்நாட்டில் இடம்பெயர்க்கப்பட்டவர்’. தன் ஊரை இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நடைமுறையில் ஒன்று உண்டு. எல்லை தாண்டியவருக்கு உதவ வெளியே யாராவது ஓர் அமைப்பு இருக்கும். சொந்த அரசே துரத்தினால் முறையிட ஆள் கிடையாது.

ஊரும் தாயும்

கிரினிட்சா தெற்குப் போலந்தில், இன்றைய ஸ்லோவாக்கிய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஊற்று நீர் ஊர். நிகிஃபோர் பிறந்த 1895-இல் அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து வரும் தாது நீரைக் குடித்தால் நோய் தீரும் என்று வசதியானவர்கள் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்காக மர வேலைப்பாடுள்ள மாளிகைகள், பூங்கா, இசைக்குழு, நடைபாதை எல்லாம் எழுந்தன. 1911-இல் ரயிலும் வந்து சேர்ந்தது.

அந்த மலைகளின் பழைய குடிகள் லெம்கோக்கள். கிழக்கு ஸ்லாவிய மொழி ஒன்றைப் பேசுபவர்கள். பெரும்பாலும் கிரேக்கக் கத்தோலிக்கர், அதாவது கிழக்குத் திருச்சபை முறையில் வழிபட்டாலும் போப்பாண்டவரை ஏற்பவர்கள்; ஆர்த்தடாக்ஸ் சபையினரும் உண்டு. ஆடு மாடு, கொஞ்சம் உழவு, மர வேலை என்று வாழ்ந்தவர்கள். ஊருக்கு ஊர் மரத்தாலான சிறு ஆலயம் இருக்கும். (அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெற்றோர் இதே மலைத்தொடரின் ஸ்லோவாக்கியப் பக்கத்திலுள்ள மிக்கோவா கிராமத்தைச் சேர்ந்தவர்கள். புகழின் உச்சியில் இருந்த அவரையும், சுவரில் உட்கார்ந்து படம் விற்ற இவரையும் தங்கள் பிள்ளைகள் என்று இந்தச் சிறிய சமூகம் சொல்லிக்கொள்கிறது. அதில் நியாயம் இருக்கிறது.)

தாய் பெயர் எவ்டோகியா ட்ரோவ்னியாக். காது கேளாதவர், பேச முடியாதவர். விருந்தினர் விடுதிகளில் தண்ணீர் சுமந்து, தரை துடைத்துப் பிழைத்த லெம்கோ பெண். தகப்பன் பெயர் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு ஆலயத்தில் எபிஃபானியுஸ் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. காதும் மந்தம். அவன் பேசியது மற்றவர்களுக்கு வெறும் முனகலாகக் கேட்டது. அறிவு வளராதவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இளம் வயதிலேயே தாயையும் இழந்தான்.

பேச்சு புரியாததால் அறிவும் இல்லை என்று எடுத்துக்கொண்டது அவர் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. பிற்காலத்தில் விமர்சகர்கள் ‘அப்பாவிக் கலை’ என்று பெயர் சூட்டியபோதும் உள்ளே இருந்தது இதே நினைப்புதான்.

யார் கற்றுக்கொடுத்தார்கள்?

தானாகக் கற்றவர் என்று சொல்லும்போது எதுவுமே பார்க்காமல் வரைய ஆரம்பித்தவர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நிகிஃபோருக்கு மூன்று பள்ளிக்கூடங்கள் இருந்தன.

முதலாவது ஆலயம். கிரேக்கக் கத்தோலிக்க ஆலயத்துக்குள் நுழைந்தால் பீடத்தை மறைத்தபடி புனிதர் படங்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு சுவர் இருக்கும். புனிதர்கள் நேராக நம்மைப் பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம், சட்டம், கீழே பெயர். முக்கியமானவர் பெரிதாக இருப்பார். அருகில் தூரம் என்ற கணக்குக்கு அங்கே வேலை இல்லை. நிகிஃபோரின் தொடக்கக் காலப் படைப்புகளில் புனிதர்களை வரைந்து சிறு ஏடுகளாகத் தைத்தவை உண்டு. பிறகு எதை வரைந்தாலும் இந்த ஒழுங்கு அவரை விட்டுப் போகவில்லை. ரயில் நிலையத்தை வரைந்தாலும் அதற்குச் சுற்றிலும் சட்டம் உண்டு, கீழே எழுத்துப் பட்டை உண்டு, கட்டடம் நேருக்கு நேராக நம்மைப் பார்த்து நிற்கும்.

இரண்டாவது, ஊற்று நீர் ஊரின் தெரு. விடுதிகளின் முகப்பு, பலகணி, கூரை முனை, அஞ்சலட்டைப் படங்கள், குடையும் தொப்பியுமாக நடக்கும் சீமாட்டிகள்.

மூன்றாவது, அலுவலகம். ஏழைக்கு அலுவலகம் என்றாலே முத்திரை, கையொப்பம், படிவம். அந்த மூன்றையும் நிகிஃபோர் தன்னுடையதாக்கிக்கொண்டார். படத்தின் பின்புறம் குத்துவதற்கு ரப்பர் முத்திரைகள் வைத்திருந்தார். ‘கிரினிட்சாவின் நினைவாக’ என்ற வாசகமும் ‘ஓவியர் நிகிஃபோர்’ என்ற தகுதியும் அவற்றில் இருக்கும். தன்னை ‘மதேய்கோ’ என்றும் அழைத்துக்கொண்டார். யான் மதேய்கோ 19-ஆம் நூற்றாண்டுப் போலந்தின் மாபெரும் வரலாற்று ஓவியர். சிரிப்பார்களே என்று அவர் கவலைப்படவில்லை. ஓவியர்களில் பெரியவர் மதேய்கோ, நானும் ஓவியன், ஆக நானும் மதேய்கோ. அவ்வளவுதான் கணக்கு.

எழுத்து விஷயம் தனியாகப் பார்க்க வேண்டியது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தில்லாத படம் அரிது. பார்த்த பெரிய எழுத்துகளை அப்படியே வரைவார். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. சில எழுத்துகள் விடுபடும், சில இரண்டு முறை வரும், சொல் பாதியில் சட்டத்தில் முட்டி நின்றுவிடும். படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் பிழை என்றார்கள். என் பார்வையில் அது அவர் தன் கையால் எழுதிக்கொண்ட ஆவணம். எழுத்து இருந்தால்தான் ஊர் நம்பும் என்பது எழுதத் தெரியாதவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காகிதம், எச்சில், வர்ணம்

அவர் வேலை செய்த முறையைப் பார்ப்போம். துணித் திரை, சட்டகம், எண்ணெய் வர்ணம் எல்லாம் எட்டாத தூரம். கிடைத்த காகிதம்தான் பலகை: பள்ளி நோட்டு அட்டை, சிகரெட் பெட்டியின் உட்பக்கம், சாக்லேட் பெட்டி அட்டை, பொட்டலம் கட்டும் தாள், அலுவலகம் கழித்துப்போட்ட படிவத்தின் பின்பக்கம். அதனால்தான் பெரும்பாலான படங்கள் உள்ளங்கை அளவு, மிஞ்சினால் நோட்டுத்தாள் அளவு.

முதலில் கோடு. கட்டடமானால் சன்னல் ஒன்றுகூட விடாமல் வரிசையாக வரும். பிறகு சிறுவர்கள் பள்ளியில் பயன்படுத்தும் வில்லை வர்ணம். தூரிகையை எச்சிலில் நனைத்து வில்லையில் தேய்ப்பார். பொதுவெளியில் உட்கார்ந்து இப்படிச் செய்வதைப் பார்த்துப் பலர் முகம் சுளித்திருக்கிறார்கள். ஆனால் அந்த மெல்லிய பூச்சில் அவர் கொண்டுவந்த நிறங்கள்தான் பின்னால் தேர்ந்த ஓவியர்களையே நிறுத்திப் பார்க்க வைத்தன. மங்கிய பச்சைக்குப் பக்கத்தில் காவி, அதற்கு மேல் சாம்பல் கலந்த மஞ்சள் வானம், எங்கோ ஒரு கூரையில் மட்டும் செம்மை. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எது நின்றால் இரண்டும் வாழும் என்பதை அவர் கண் அறிந்திருந்தது. இதைச் சொல்லிக் கொடுத்து வராது என்று ஓவியம் கற்பிப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1920-களிலும் 30-களிலும் வரைந்தவைதான் அவருடைய உச்சம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மொத்தத்தில் அவர் வரைந்தவை 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பசிக்கு விற்ற படங்கள் அவை. எத்தனை அடுப்பில் போயின, எத்தனை குப்பையில் போயின என்று கணக்கு எடுக்க முடியாது.

எதை வரைந்தார்

கருப்பொருள்கள் பல. ஆனால் அவற்றுக்குள் ஒரு நூல் ஓடுகிறது.

ரயில் நிலையங்கள். கலீசியாவின் ரயில் பாதைகளில் அவர் சுற்றியவர். சின்னச் சின்ன நிலையங்களை எல்லாம் வரைந்திருக்கிறார். தண்டவாளங்கள் நாடா போல வளைந்து வரும். நிலையக் கட்டடம் நடுவில் கம்பீரமாக நிற்கும். பின்னால் மலைகள் அடுக்கடுக்காக. மனிதர்கள் இருந்தால் பொட்டு அளவு, பல படங்களில் மனிதரே இல்லை. உண்மையில் அவை கிளை ரயில் பாதையின் சாதாரண நிலையங்கள். அவர் கையில் அவை தலைநகரத்து மண்டபங்களாகிவிடுகின்றன.

கட்டடங்கள். ஊரின் விடுதிகளை வரைவார், சற்று உயர்த்தி. ஊரில் இல்லாத கோபுரம் ஒன்றைச் சேர்ப்பார். சில நேரம் முழுக்க முழுக்க மனத்திலிருந்தே நகரங்களைக் கட்டுவார். ஆலயக் குவிமாடமும் விடுதிப் பலகணியும் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருக்கும்.

சமையலறைகள். இதைப் பலர் கவனிப்பதில்லை. அடுப்பு, பாத்திரங்கள், வேலை நடக்கும் ஒழுங்கு. விடுதிகளின் பின்வாசலில் வளர்ந்த பிள்ளை சமையலறையைத்தான் உள்ளே எட்டிப் பார்த்திருப்பான். அந்த அறைக்கு ஆலயத்தின் கம்பீரத்தை அவர் கொடுத்தார்.

அப்புறம் தன்னுருவப் படங்கள். நிகிஃபோரை நிகிஃபோராக்குபவை இவைதான். மீசை, தொப்பி, இருண்ட கோட்டு என்று பார்த்ததும் அடையாளம் தெரியும். ஆனால் அந்த மனிதர் சுவரில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆயருக்குரிய முடி சூடி, அங்கி அணிந்து பீடத்தில் நிற்பார். நீதிபதியாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் வர்ணமும் தூரிகையுமாக மதிப்புக்குரிய ஓவியராக வேலை செய்துகொண்டிருப்பார். கையில் பெட்டியோடு ஊருக்கு வந்திறங்கிய கனவானாக நடப்பார்.

இதைப் பகல் கனவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பதவிகளைப் பாருங்கள். ஆயர் ஆசீர்வதிப்பவர், நீதிபதி தீர்ப்புச் சொல்பவர், ஓவியர் பார்ப்பவர். மூவருமே பேசினால் ஊர் கேட்கும். பேச்சே புரியாத ஒருவர், தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கும் இருக்கைகளாகத் தேர்ந்தெடுத்து அங்கே தன்னை உட்கார வைத்திருக்கிறார். செல்வந்தராகவோ அரசராகவோ ஆகும் ஆசை இந்தப் படங்களில் முன்னால் நிற்கவில்லை. இது நன்றாக யோசித்துச் செய்த காரியம். அப்பாவித்தனம் என்ற சொல் இதற்குப் பொருந்தாது.

படம் விற்கும்போது அவர் நீட்டிய தாள் ஒன்றும் உண்டு. யாரையோ பிடித்துத் தட்டச்சு செய்து வாங்கிய விண்ணப்பம் அது. நான் ஏழை ஓவியன், உடல் குறை உள்ளவன், என் படங்களை வாங்கி உதவுங்கள் என்பது போன்ற வேண்டுகோள். வாங்குபவர் கையில் இந்த விண்ணப்பம், பக்கத்தில் ஆயர் உடையில் அவரே வரைந்த அவர். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே சுவரில் வைத்து விற்றார்.

கண்டுகொண்டவர்கள்

1930-இல் ல்விவ் நகரத்து உக்ரைனிய ஓவியர் ரோமன் துரின் இவரைக் கவனித்தார். படங்களைச் சேகரித்து பாரிசில் இருந்த இளம் போலந்து ஓவியர்களிடம் காட்டினார். நிறமே ஓவியத்தின் உயிர் என்று நம்பிய குழு அது. அவர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. 1932-இல் பாரிசில் ஒரு காட்சியில் படங்கள் இடம்பெற்றன. 1938-இல் யெர்ஸி வோல்ஃப் ‘ஆர்காடி’ என்ற போலந்துக் கலை இதழில் இவரைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த ஆண்டு போர் வந்துவிட்டது. இத்தனை நடந்தும் கிரினிட்சா நடைபாதையில் அவருடைய நிலைமை மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1947

போர் முடிந்ததும் எல்லைகள் நகர்ந்தன. 1944 செப்டம்பரில் போலந்தின் புதிய நிர்வாகமும் சோவியத் உக்ரைனும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. 1946-க்குள் ஏறக்குறைய 4,80,000 பேர் போலந்திலிருந்து கிழக்கே அனுப்பப்பட்டார்கள். லெம்கோக்களில் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது. பெயருக்குத்தான் அது விருப்பப் பயணம்.

மிஞ்சியவர்களுக்கு 1947 வந்தது. மார்ச் 28-இல் துணைப் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் கரோல் ஷ்வியெர்செவ்ஸ்கி ஒரு பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார். தனி உக்ரைனுக்காகப் போரிட்ட உக்ரைனியக் கிளர்ச்சிப் படையின் வேலை என்று அரசு அறிவித்தது. அப்படைக்கு ஆதரவு கிடைக்காமல் செய்ய மக்களையே அப்புறப்படுத்துவது என்று முடிவானது. அந்தத் திட்டம் அதற்கு முன்பே யோசிக்கப்பட்டது என்பதும், கொலை ஒரு சாக்காக அமைந்தது என்பதும் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் காட்டிய உண்மை. பல லெம்கோ ஊர்களுக்கு அந்தப் படையோடு பெரிய உறவே இல்லை.

ராணுவம் ஊரைச் சூழும். மூட்டை கட்டச் சில மணி நேரம் கொடுப்பார்கள். வண்டியில் ஏற்ற முடிந்தது மட்டும் மிஞ்சும். அங்கிருந்து ரயில் நிலையம், சரக்குப் பெட்டி, நாள்கணக்கில் பயணம். இறங்கும் இடம் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த மேற்கு, வடக்கு மாவட்டங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிதறடித்துக் குடியமர்த்தினார்கள். மொழியும் வழிபாடும் ஒரு தலைமுறையில் கரைந்துபோக வேண்டும் என்பதுதான் நோக்கம். சந்தேகத்துக்கு ஆளானவர்கள், பாதிரியார்கள் உட்பட ஏறக்குறைய 3,900 பேர், யாவோஷ்னோ முகாமில் அடைக்கப்பட்டார்கள். முன்பு ஜெர்மானியர் நடத்திய முகாம் அது. விட்டுவந்த வீடுகளில் வேறு ஆட்கள் வந்தார்கள். ஆலயங்கள் கைமாறின, பல பாழாயின.

நிகிஃபோரும் லெம்கோ. அவருக்கு அரசியலும் இல்லை, ஆயுதமும் இல்லை, அடகு வைக்க ஒரு கோழிகூட இல்லை. ஆனாலும் பட்டியலில் சேர்த்து வடமேற்கே ஷ்செச்சின் பக்கம் அனுப்பினார்கள். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. அங்கிருந்து யாரிடமும் வழி கேட்டுப் புரியவைக்க முடியாத ஒரு மனிதர், அடையாளத் தாள் எதுவும் இல்லாமல், கையில் காசில்லாமல் கிரினிட்சா வந்து சேர்ந்தார். பெரும்பகுதி நடந்தே வந்தார் என்பது ஊரில் வழங்கும் கதை. இரண்டு முறை திருப்பி அனுப்பியும் பயனில்லை. மூன்றாம் தடவை அவரைத் தொடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தக் கதையைக் கேட்டதும் அவருடைய வெறிச்சோடிய ரயில் நிலையங்களை எல்லாம் வெளியேற்றத்தின் சின்னங்களாகப் பார்க்கத் தோன்றும். தேதிகள் இடம் கொடுக்கவில்லை. சிறந்த நிலையப் படங்கள் 1947-க்கு முந்தியவை. அவர் தன் துயரத்தைக் கதையாக வரைந்தவரும் அல்லர். ஆனால் அந்த வெளியேற்றம் பழைய படங்களின் எடையை மாற்றிவிட்டது. 1930-இல் வரைந்த லெம்கோ ஆலயம் அன்று கண்ணெதிரே நின்ற ஆலயம். 1950-இல் அதே படத்தைப் பார்த்தால் அது வழிபட ஆளில்லாத ஆலயம். ஓவியர் ஒரு கோடும் மாற்றவில்லை. சுற்றியிருந்த ஊர்தான் மாறிப்போனது. திரும்பி வந்த பிறகு, தன் மொழி பேசுபவர்கள் அநேகமாக இல்லாத ஊரில், அவர் அதே சுவரில் உட்கார்ந்து அதே ஆலயங்களை மறுபடி வரைந்தார். ஆயர் உடையில் அவர் வரைந்த தன்னுருவத்துக்கு அப்போது வேறொரு பொருளும் சேர்ந்துவிட்டது, ஏனென்றால் அவருடைய சபையின் ஆயர்கள் சோவியத் சிறைகளுக்குப் போய்விட்டார்கள், சபையும் போலந்தில் சட்டப்படி இல்லாதது போலாகிவிட்டது.

அவர் வந்துவிட்டார் என்பதை வெற்றிக் கதையாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. நிலமுள்ள, குடும்பமுள்ள லெம்கோவை அப்படி விட்டிருக்க மாட்டார்கள். திரும்ப ஒப்படைக்க வேண்டிய வீடு எதுவும் நிகிஃபோருக்கு இல்லாததால்தான் அவரைச் சகித்துக்கொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன். 1956-க்குப் பிறகு கெடுபிடி தளர்ந்தபோது சிலர் ஊர் திரும்பினார்கள். பலர் தங்கள் சொந்த வீட்டையே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பெரும்பான்மையோர் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள்.

புகழும் காப்பாளரும்

போருக்குப் பின் கிராகோவைச் சேர்ந்த எல்லா பனாக், அன்ட்ஜெய் பனாக் தம்பதி இவரைத் தங்கள் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சேகரித்தார்கள், எழுதினார்கள், காட்சிகள் வைத்தார்கள். 1959-இல் பாரிசில் டினா வியர்னியின் கலைக்கூடத்தில் காட்சி நடந்தது. பிறகு ஐரோப்பாவின் பல நகரங்கள். போலந்து அரசுக்கும் இது வசதியாக இருந்தது: ஏழை, உழைப்பாளி, மக்கள் கலைஞர். லெம்கோ என்ற பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டால் போதும்.

1960-இலிருந்து மரியன் வ்வோசின்ஸ்கி வருகிறார். இவரும் ஓவியர், முறையாகப் பயின்றவர், கிரினிட்சா ஊற்று நீர் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். காசநோயோடு வந்த நிகிஃபோரை எட்டாண்டுகள் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டுவது, மருத்துவம், தங்க இடம், தாள் வர்ணம் எல்லாம். சொந்த ஓவிய வாழ்க்கை பின்னுக்குப் போனது. தேர்ந்த ஓவியர் ஒருவர் இன்னொருவரின் கை தன் கையைவிடப் பெரிது என்று ஒப்புக்கொண்டு தூரிகையைக் கழுவிக் கொடுக்கிறார். கலை உலகில் இது அரிது. இவரைப் பற்றி எழுதப்பட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் நிகிஃபோர் வண்ணப் பென்சில், மெழுகுக் குச்சிகளையும் பயன்படுத்தினார். புகழால் அந்தப் படங்களுக்கும் நல்ல விலை உண்டு. ஆனால் பழைய நிற நுணுக்கம் அவற்றில் குறைவு. 1967-இல் வார்சாவின் ஸஹென்டா கலைக்கூடத்தில் பெரிய காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 10-இல் ஃபோலுஷ் என்ற ஊரில் இறந்தார். வயது 73. அடக்கம் கிரினிட்சாவில். 1995-இல் அங்கே ரோமனூவ்கா என்ற பழைய மர மாளிகையில் அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2005-இல் நடைபாதையோரம் அவருக்குச் சிலையும் வந்தது.

யாருடைய பிள்ளை

பெயரில்தான் கடைசிச் சிக்கல். ‘நிகிஃபோர்’ ஊரார் அழைத்த பெயர். வெளிநாட்டில் காட்சி வைக்கும் அளவுக்கு வளர்ந்த மனிதரிடம் பிறப்புச் சான்று இல்லை. 1962-இல் அதிகாரிகள் அவருக்கு ‘நிகிஃபோர் கிரினிட்ஸ்கி’ என்று பதிவு செய்து கொடுத்தார்கள். ஊர் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஊரைவிட்டு அனுப்பப்பட்டவருக்கு அதே ஊரின் பெயரை அரசே சூட்டியிருக்கிறது. ஆனால் தாயின் பெயர் அந்தத் தாளில் இல்லை. தாய் இல்லாமல் போனதும் லெம்கோ என்பதும் இல்லாமல் போய்விட்டது. போலந்துக் கலைக்களஞ்சியங்களில் அவர் போலந்து ஓவியர். உக்ரைனியர்கள் தங்களவர் என்றார்கள்.

லெம்கோக்கள் விடவில்லை. 1990 ஆகஸ்ட் 3-இல் போலந்தின் செனட் விஸ்துலா நடவடிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் போட்ட பிறகு அவர்களால் வெளிப்படையாகப் பேச முடிந்தது. லெம்கோ ஒன்றியம் என்ற அவர்களுடைய அமைப்பு, கிரேக்கக் கத்தோலிக்க ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவை ஆதாரமாக வைத்து வழக்குத் தொடுத்தது. 2003-இல் மூஷினா நகர நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நிகிஃபோர் கிரினிட்ஸ்கி என்று அறியப்பட்டவர் எவ்டோகியாவின் மகன் எபிஃபானியுஸ் ட்ரோவ்னியாக் தான். அவர் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காட்சிப் பட்டியல்களும் ஏல நிறுவனங்களும் இன்னமும் நிகிஃபோர் என்றே எழுதுகின்றன. அதில் தவறில்லை, அவரே படங்களில் அப்படித்தான் எழுதினார். லெம்கோக்கள் கேட்டதும் அந்தப் பெயரை மாற்றச் சொல்லி அல்ல. பக்கத்தில் ட்ரோவ்னியாக் என்றும் எழுதுங்கள், அம்மா யார் என்று தெரியட்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. படங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆயர் உடையில் இருக்கும் அந்த மீசைக்காரருக்கு முன்னால் நிற்கும்போது, விடுதிகளுக்குத் தண்ணீர் சுமந்த ஒரு லெம்கோ பெண்ணின் மகன் இவர், 1947-இல் இந்த ஊரிலிருந்து அனுப்பப்பட்டவர் என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு, கிரினிட்சாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் மர ஆலயங்களில் ஒன்றுக்குள்ளும் போய் வாருங்கள். புனிதர்கள் சட்டத்துக்குள் நேராக நிற்பதையும், கீழே பெயர்ப் பட்டை ஓடுவதையும் பார்த்தால், ரயில் நிலையங்களை அவர் ஏன் அப்படி வரைந்தார் என்பது யாரும் விளக்காமலேயே புரிந்துவிடும்.